ஐந்து நாள் என்று எழுதியிருந்த பத்தி

மயிலாப்பூர்
9.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாப்பா எழுதுவது. ஐம்பத்தாறு வயதில் இந்தப் பெயரை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பியாட்ரிஸ் என்று போட்டால் "அம்மணி யாரோ?" என்று பதில் எழுதுவீர்கள். நானும் டெல்பினும் ஆண்டவர் புண்ணியத்தில் நலம். ஏற்காட்டுக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாம் என்றால் நீங்கள் "ஆங்? ஆங்?" என்று கத்துகிற கத்தலில் முதியோர் இல்லத்து சிஸ்டர்களெல்லாம் ஓடிவருகிறார்களாம். காது மெஷினை டிராயரில் பூட்டி வைத்திருக்கும் மனிதரிடம் கடிதத்தில்தான் பேச முடியும்.

அலுவலகத்தில் புதுத் தலைவலி. டாக்டர்கள் எழுதித் தரும் இறப்புக் காரணச் சான்றிதழைப் படித்து, ஒவ்வொரு காரணத்துக்கும் உரிய எண்ணைப் போடுவதுதானே இருபத்தேழு வருடமாக என் பிழைப்பு? அந்த எண்களை நம்பலாமா என்று இப்போது மேலிடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பழைய சான்றிதழ்களில் இருநூறு எடுத்து, பெயரும் முகவரியும் தெரியாமல் காகிதம் ஒட்டி, இரண்டு பேரிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் போட்ட எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவுதான் எங்கள் வேலையின் யோக்கியதை.

ஒருத்தி நான். இன்னொருவர் ஆசிஃப், இருபத்தேழு வயது, வாய் ஓயாது. பாதிச் சான்றிதழில் "இதயம் நின்றது" என்பதோடு டாக்டர் முடித்துக்கொள்கிறார். ஆசிஃப் சொல்கிறான்: "இன்னா மேடம் இது? பஸ்ஸு நின்னுடுச்சுன்னு மட்டும் எழுதிட்டுப் போனா எப்டி? டீசல் இல்லியா, பஞ்சரா, இன்னான்னு சொல்ல வேணாமா?"

அந்த இருநூறில் உங்கள் கையெழுத்தும் சிலது இருந்தது. மந்தைவெளி கிளினிக் காலத்தது. கோழி கிளறியது போல அப்படியே இருக்கிறது.

என்னையும் மகளையும் விட்டுவிட்டு நோயல் போய் இந்த டிசம்பர் பதினேழோடு பத்து வருடம். காலம் ஓடியதே தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
பாப்பா

ஏற்காடு
20.2.2025

என் அருமைப் பாப்பாவுக்கு,

முழங்கால் இரண்டும் இருக்கின்றன, இடத்தில்தான் இருக்கின்றன. சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உங்கள் இருவரின் நலத்துக்கும் காலைப் பூசையில் வேண்டிக்கொள்கிறேன், தூங்காமல் இருக்கும் நாட்களில்.

என் கையெழுத்தைக் குறை சொல்கிறாயே. வெளியே நாற்பது பேர் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது முத்துமுத்தாக எழுத நான் என்ன கலெக்டர் ஆபீஸ் ரைட்டரா? அந்தப் பஸ்காரப் பையனிடம் சொல்: செத்த வீட்டில் அழுகையும் ஆர்ப்பாட்டமுமாக நிற்கும்போது டாக்டருக்கு மூன்று வரி நிரப்புவதே பெரிய காரியம். உட்கார்ந்த இடத்தில் எண் போடுபவர்களுக்கு அது விளங்காது.

ஒரு வேண்டுகோள். இங்கே இருக்கும் டெய்லர் மகானுபாவர் எனக்குத் தைத்த சட்டையில் கை முழங்காலைத் தொடுகிறது. உன் கையால் எனக்கு ஒரு அரைக்கைச் சட்டை தைத்து அனுப்பேன். பத்து வருடமாகக் கேட்கிறேன், பத்து வருடமாகக் கண் தெரியவில்லை என்கிறாய். அந்தக் கண்ணால்தானே என் கோழிக் கிளறலைப் படிக்கிறாய்?

டெல்பினுக்கு முத்தம்.
அண்ணன் அல்போன்ஸ்

மயிலாப்பூர்
11.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தவக்காலத்தில் டீயை விட்டுவிட்டீர்களாம், சிஸ்டர் சொன்னார். நீங்கள் டீயை விட்டால் சுற்றியிருப்பவர்களுக்குத்தான் தவம். இங்கே வெயில் இப்போதே தாங்கவில்லை. வேறு குறையில்லை.

தி. நகரில் இரண்டு ரெடிமேட் சட்டை வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அரைக்கைதான்.

இருநூறில் முப்பத்தோரு சான்றிதழில் என் எண்ணும் ஆசிஃப் எண்ணும் ஒத்துப்போகவில்லை. முப்பதைப் பேசித் தீர்த்துவிட்டோம். ஒன்று நிற்கிறது. ஆண், நாற்பத்தெட்டு வயது, 2015 டிசம்பர் 17. முதல் வரியில் "இதயம் நின்றது". அது எதனால் வந்தது என்று எழுதவேண்டிய இரண்டாவது, மூன்றாவது வரிகள் காலி. பக்கத்தில், நோய் தொடங்கி எவ்வளவு காலம் என்ற பத்தியில் மட்டும் "ஐந்து நாள்". நான் மாரடைப்புக்கான எண்ணைப் போட்டிருந்தேன். ஆசிஃப் "காரணம் தெரியவில்லை" என்பதற்கான எண்ணைப் போட்டிருந்தான். அவன் கேட்டது: "ஹார்ட்டு நின்னு அஞ்சு நாளாச்சுன்னா, அந்த அஞ்சு நாளும் மனுசன் இன்னா பண்ணிக்கினு இருந்தாரு மேடம்?" அவனும் சிரித்தான், பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள்.

தீராததை எழுதிய டாக்டரிடமே கேட்பது வழக்கம். எழுதியவர் நீங்கள். படிவத்தை இணைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்பிவிடுங்கள்.

பாப்பா

ஏற்காடு
25.3.2025

அன்புப் பாப்பா,

நலம். சட்டைகள் வந்தன. கழுத்து பிடிக்கிறது.

இங்கே குரங்குத் தொல்லை. நேற்று சிஸ்டரின் ஜெபமாலையைத் தூக்கிக்கொண்டு ஒன்று மாமரத்தில் ஏறிவிட்டது. வாழைப்பழம் காட்டி வாங்கினோம். மழை இல்லை. இருமல் கொஞ்சம் இருந்தது, போய்விட்டது.

படிவம் கிடைத்தது. பழைய சங்கதி, சரியாக ஞாபகம் இல்லை. பையன் போட்ட எண்ணே இருக்கட்டுமே.

அண்ணன்

மயிலாப்பூர்
22.4.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். சாந்தோம் கோயிலில் உட்கார இடமில்லை. டெல்பின் வேளச்சேரி ஆபீசிலிருந்து பாதிப் பூசைக்கு வந்து சேர்ந்தாள். உங்களுக்காக மெழுகுவத்தி ஏற்றினேன்.

உங்களுக்கா ஞாபகம் இல்லை? எனக்கு நாலு வயதில் அம்மை போட்ட தேதியைச் சொல்லுவீர்களே. படிவத்தை அனுப்புங்கள் அண்ணா. எனக்கு அவசரம் ஒன்றுமில்லை, அலுவலகத்தில்தான் கேட்கிறார்கள்.

பாப்பா

மயிலாப்பூர்
3.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆறு வாரமாக ஒரு வரி இல்லை. சிஸ்டரிடம் கேட்டால் "டாக்டர் நல்லாத்தான் இருக்கார், தோட்டத்தில் உட்கார்ந்திருக்கார்" என்கிறார். நீங்கள் எந்தக் காலத்தில் தோட்டத்தில் சும்மா உட்கார்ந்தீர்கள்? இருமல் என்று எழுதியிருந்தீர்களே, எக்ஸ்ரே எடுத்தீர்களா? படிவத்தை விடுங்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

பாப்பா

ஏற்காடு
12.6.2025

பாப்பா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பயப்படாதே. எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது, நெஞ்சு சுத்தம். படிவம் என் பைபிளுக்குள் இருக்கிறது. கொஞ்சம் நேரம் கொடு.

அண்ணன்

மயிலாப்பூர்
29.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் நெஞ்சு சுத்தம் என்று படித்து நிம்மதியானேன். நானும் டெல்பினும் நலம். இனி சுற்றி வளைக்கப் போவதில்லை.

அந்தச் சான்றிதழ் நோயலுடையது என்று எனக்கு முதல் நாளே தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரிந்தவருடைய தாள் கையில் வந்தால் ஒதுக்கி வைக்கவேண்டும், அதுதான் எங்கள் விதி. எழுதியிருப்பதற்கு மட்டும் எண் போடு, உனக்குத் தெரிந்ததற்குப் போடாதே என்று புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுப்பவள் நான். அன்றைக்கு நான் தாளை ஒதுக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை. நோயல் போன அன்று ஆட்டோவில் நீங்கள் என்னிடம் சொன்னதற்குத்தான் எண் போட்டேன். "பளு தூக்கின உடம்பு பாப்பா, ஹார்ட்டு தாங்கல."

அந்தப் பளு என்ன என்று நீங்கள் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

கோட்டூர்புரம் வீட்டுக்குள் தண்ணீர் வந்த காலையில் நோயல் டெல்பினையும் சர்டிபிகேட் பையையும் மூன்றாவது மாடி முத்தம்மா வீட்டில் விட்டுவிட்டுக் கீழே வந்தார். இடுப்பளவு தண்ணீர். "போதும், வா மேல போயிடலாம்" என்றார். நான்தான் தையல் மெஷினை எடுங்கள் என்றேன். அம்மா எனக்குக் கொடுத்த மெஷின், அதை எப்படி விட்டுவிட்டு வருவது என்று அழுதேன். பி.டி. மாஸ்டர் இல்லையா, சிரித்துக்கொண்டே தூக்கினார். இரும்புக் கால் தனியாக, தலை தனியாக, இரண்டு நடை. ஐம்பத்து நான்கு படி. அந்த வாரம் முழுக்க தண்ணீரில் இறங்கி ஊருக்கெல்லாம் பால் பாக்கெட்டும் ரொட்டியும் சுமந்தார். அடுத்த வாரம் காய்ச்சல். கெண்டைக்கால் இரண்டும் விண்விண்ணென்று வலிக்கிறது என்றார். படி ஏறிய வலி என்று நான் தைலம் தேய்த்தேன்.

சான்றிதழ் படிக்கத் தெரிந்தவள் அண்ணா நான். நீங்கள் காலியாக விட்ட வரிகளை நானே நிரப்பி வைத்திருந்தேன். முதல் வரியில் ஹார்ட். இரண்டாவது வரியில் தையல் மெஷின். மூன்றாவது வரியில் பியாட்ரிஸ்.

அதனால்தான் உங்களுக்குச் சட்டை தைக்கவில்லை. கண் நன்றாகத் தெரிகிறது. மெஷின்மேல் போட்ட போர்வையை நான் எடுத்ததே இல்லை.

ஆசிஃப் கேட்டது தலையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த ஐந்து நாள் என்ன அண்ணா?

பாப்பா

ஏற்காடு
4.7.2025

என் பாப்பா,

உன் கடிதம் இன்று காலை பத்தரைக்கு வந்தது. இப்போது பதினொன்று. இதற்குமேல் ஒரு நிமிடம் தள்ளினாலும் நான் மனுஷன் இல்லை.

நீ ஒன்றும் செய்யவில்லை. மெஷின் ஒன்றும் செய்யவில்லை. நோயலின் இதயத்தில் ஒரு கோளாறும் இருந்ததில்லை.

ஐந்து நாள் என்பது காய்ச்சல். பன்னிரண்டாம் தேதி தொடங்கியது. பதிமூன்றாம் தேதி கிளினிக்குக்கு வந்தான். கெண்டைக்கால் வலி, கண் இரண்டும் சிவப்பு. அலைச்சல், தூக்கமில்லை என்று சொல்லி காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். பதினைந்தாம் தேதி திரும்ப வந்தான், கண்ணில் லேசான மஞ்சள். ரத்தம் எடுக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். லேப்புக்குள் தண்ணீர் புகுந்து மூடிக்கிடந்தது, வெளியே கூட்டம் காத்திருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் மாப்பிள்ளை என்று தோளில் தட்டி அனுப்பினேன். அந்தக் கை இது.

பதினேழாம் தேதி மூச்சு வாங்கி, ஆட்டோவில் உன் மடியில் போனான். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரேதப் பரிசோதனை என்று இரண்டு நாள் வைத்திருப்பார்கள், உன்னால் அதைத் தாங்க முடியாது என்று ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அறுத்துப் பார்த்தால் நான் எதைத் தவறவிட்டேன் என்று தெரிந்துவிடும் என்ற பயம். உனக்கு ஏதாவது சொல்லவேண்டுமே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பளு என்றது அவன் சுமந்த பால் பாக்கெட்டை நினைத்து. சான்றிதழில் காரணத்தை மறைத்தேன். நாள் கணக்கைக் கை பழக்கத்தில் உள்ளபடி எழுதிவிட்டது.

ஜனவரிக்குள் அதே கெண்டைக்கால் வலி, அதே சிவந்த கண்ணோடு ஆறு பேர் வந்தார்கள். எல்லோரும் வெள்ளத்தில் நின்றவர்கள். இந்த முறை ரத்தம் எடுத்தேன். எலிக் காய்ச்சல். வெள்ளத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து வருவது. ஆறு பேரும் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்து மாத்திரை, பாப்பா. என் மேசை டிராயரில் இருந்தது. நோயலுக்கு அதைக் கொடுத்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

காது கேட்கவில்லை என்று கிளினிக்கை மூடியதாக எல்லோரிடமும் சொன்னேன். என்மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது, அதுதான் காரணம். உன்னிடம் சொன்னால் இருக்கும் ஒரே தங்கையையும் இழப்பேன் என்று வாயைப் பூட்டிக்கொண்டேன். நீ உன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டு பத்து வருடம் உட்கார்ந்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கே ஓடிவந்திருப்பேன்.

படிவத்தை நிரப்பிவிட்டேன். முதல் வரி: நுரையீரலில் ரத்தக் கசிவு. இரண்டாவது வரி: எலிக் காய்ச்சல், அநேகமாக. அவனுக்கு ரத்தப் பரிசோதனை இல்லாததால் அந்த "அநேகமாக". காலம்: ஐந்து நாள். கீழே கையெழுத்து, கோழி கிளறாமல்.

என்னை நீ என்ன வேண்டுமானாலும் சொல்.

அல்போன்ஸ்

ஏற்காடு
18.8.2025

பாப்பா,

பதில் வரவில்லை. வராது என்றுதான் நினைத்தேன். நீங்கள் இருவரும் நலமாக இருப்பதாக சிஸ்டருக்கு டெல்பின் போனில் சொன்னாளாம், அது போதும். வெயிலில் அலையாதே.

அல்போன்ஸ்

மயிலாப்பூர்
5.10.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். மூன்று மாதம் உங்களுக்கு எழுதவில்லை, எழுத வரவில்லை. நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்று முழுக்கத் திட்டு. நல்லவேளை, தபாலில் போடவில்லை.

கோபம் இருக்கிறது அண்ணா, மறைக்க மாட்டேன். மாத்திரை தவறியதற்கு இல்லை. அந்த வெள்ளத்தில் நாற்பது பேர் நடுவில் யாருக்கும் தவறும். ஆனால் ஜனவரியிலேயே தெரிந்த பிறகும் பத்து வருடம் வாயைத் திறக்காமல், இங்கே இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தோறும் மீன் வாங்கிக்கொண்டு வந்தீர்களே, அதற்குத்தான். என்னை இழந்துவிடுவீர்கள் என்றா நினைத்தீர்கள்? நான் எங்கே போவேன்? உங்களை விட்டால் எனக்கும் யார் இருக்கிறார்கள்?

ஆகஸ்டில் முத்தம்மாவைப் பார்க்கக் கோட்டூர்புரம் போனேன். மெஷின் விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அட போக்கா! அன்னிக்கு கீழ மாட்டிக்கினு இருந்த எங்க ஊட்டுக்காரரையே நாற்காலியோட தூக்கினு வந்து மேல வச்சது யாரு? கேஸ் சிலிண்டரு, மாவு மெஷினு, எதிர் ஊட்டு ஆயா, எல்லாம் அவருதான். உன் மெஷினு இன்னா பெரிய வெயிட்டு?" அப்போதே இதைக் கேட்டிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

படிவத்தை மேலதிகாரியிடம் கொடுத்து, இறந்தவர் என் கணவர் என்றும் சொன்னேன். நான் போட்ட எண்ணை நீக்கிவிட்டார்கள். ஆசிஃப் புது எண் போட்டான். "அநேகமாக" என்று டாக்டர் எழுதினாலும் அந்த நோய்க்கான எண்ணைப் போடலாம். பதிவேட்டில் பழையதுதான் இருக்கும், இந்த ஆய்வில் மட்டும் திருத்தம். போட்டு முடித்துவிட்டு என் மேசைப் பக்கம் வந்து நின்றான். "சாரி மேடம். நான் சிரிச்சிருக்கக் கூடாது." நீ அப்படிக் கேட்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காதடா என்றேன். அவனை இரண்டு நாள் பேச்சில்லாமல் பார்த்தது அலுவலகத்துக்கே அதிசயம்.

டெல்பினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். அப்புறம் கேட்டாள்: "அப்போ இனிமே மெஷினைத் தொடுவ இல்லம்மா?" இத்தனை வருடமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்கூல் யூனிபார்மை வெளியே தைக்கக் கொடுத்தபோதுகூட ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போர்வையை எடுத்தோம். பெல்ட் இற்றுப்போயிருந்தது, பாண்டி பஜாரில் புதிது கிடைத்தது. இரும்புக் காலில் வெள்ளச் சேறு கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்திருந்து மிதித்தேன்.

பார்சலில் இருப்பது அரைக்கைச் சட்டை. உங்கள் பழைய அளவுதான். தொப்பைக்கு இரண்டு அங்குலம் கூட விட்டிருக்கிறேன். இடது தோளில் தையல் கோணலாக இருக்கும். அந்த இடத்தில் உங்கள்மேல் கோபம் வந்தது. பிரித்துத் தைக்கலாம் என்று பார்த்து, இருக்கட்டும் என்று விட்டேன்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். டெல்பின் கார் வைத்துக்கொண்டு வந்து அழைத்துவருவாள். காது மெஷினையும் மாட்டிக்கொண்டு வாருங்கள், கல்லறைத் தோட்டத்தில் நான் கத்த முடியாது. எனக்குச் சொல்லிவிட்டீர்கள். நோயலுக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் நின்று நீங்களே சொல்லுங்கள். நானும் கூட நிற்கிறேன்.

மெஷின் நன்றாக ஓடுகிறது அண்ணா.

உங்கள்
பாப்பா